சாக்பீஸ் சாலை

ரயில் போய்விட்டது. கேட்டும் திறந்துவிட்டது. ஆனால் ஒரு வண்டியும் நகரவில்லை.

இந்தப் பக்கம் ஒரு கம்பெனி பஸ், அதை ஒட்டி ஒரு லோடு ஆட்டோ, அதையும் ஒட்டி மோட்டார் சைக்கிள்கள். சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றன. அந்தப் பக்கமும் அதே மாதிரிதான். நடுவில் தண்டவாளம். கபடி ஆட வந்த இரண்டு அணிகள் கோட்டைத் தாண்டாமல் முறைத்துக்கொண்டிருப்பது போல, இரண்டு கூட்டமும் எதிரும் புதிருமாக நின்று ஹாரன் அடித்தன.

சிவகாசியின் ஓரத்தில் இருக்கும் அந்த ரயில்வே கேட்டில் காலை நேரத்தில் தினமும் நடப்பது இதுதான். தீபாவளிச் சீசன் வந்துவிட்டால் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகும் வண்டிகள் கூடும். நெரிசலும் கூடும்.

அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட வண்டிகளில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு வரும் காலை உணவு வண்டி. பொதுச் சமையல் கூடத்தில் சமைத்த பொங்கலையோ உப்புமாவையோ பெரிய பாத்திரங்களில் ஏற்றிக்கொண்டு அய்யம்மாள் அக்கா அதில் வருவார். கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான உணவு அது.

வேல்விழி ஏழாம் வகுப்பு. அவளுக்கு அந்த உணவு கிடையாது. ஆனாலும் அவள் சீக்கிரமே வந்து, சின்னப் பிள்ளைகளைக் கை கழுவ வைத்து, உட்கார வைத்து, அய்யம்மாள் அக்காவுக்கு உதவி செய்வாள்.

அன்றைக்கு வண்டி வந்து சேர்ந்தபோது காலை வணக்கக் கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது. தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வரிசைக்கு ஓடினார்கள். கூட்டத்தின் நடுவில் ஒன்றாம் வகுப்பு முத்துமாரி நின்றபடியே கண்ணை மூடி, பக்கத்தில் நின்ற வேல்விழியின் மேல் சாய்ந்துவிட்டாள்.

வேல்விழி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

“இனிமேத்தான்க்கா சாப்பிடணும்” என்றாள் முத்துமாரி.

முத்துமாரியின் அம்மா விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். வீட்டில் அடுப்பு மூட்ட நேரம் இருக்காது. கூட்டம் முடிந்து அவள் தட்டின் முன் உட்கார்ந்தபோது பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டது. பாதி சாப்பிடும் முன்பே பாட மணியும் அடித்துவிட்டது.

‘இனிமேத்தான்’ என்ற அந்தச் சொல், நாள் முழுவதும் வேல்விழியின் காதிலேயே இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கு வரும் வழியில், கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இருக்கும் பிள்ளையார் முன் நின்றாள். “பிள்ளையாரப்பா, அந்த ரயிலைக் கொஞ்சம் தாமதமா அனுப்பு” என்று வேண்டிக்கொண்டாள். உடனே ரயிலில் இருப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியவர்கள்தானே? கன்னத்தில் போட்டுக்கொண்டு, “வேண்டாம். ரயில் நேரத்துக்கே வரட்டும். எனக்கு வேற வழி காட்டு” என்று மாற்றிக்கொண்டாள்.

அவள் கண்ணைத் திறந்தபோது கேட் மூடிக்கொண்டிருந்தது. ரயில் வந்தது, தடதடவென்று போய்விட்டது. கேட் திறந்தது. அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். ரயிலுக்காகக் காத்திருந்த நேரம் கொஞ்சம்தான். கேட் திறந்த பிறகு சிக்கிக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம்.

அப்படியானால் தப்பு ரயில் மேல் இல்லை.

மதிய இடைவேளையில் இதைச் சூர்யபிரகாஷிடம் சொன்னாள். அவன் அவளுடைய வகுப்புத் தோழன். எதையும் கேலி செய்யாமல் கேட்க மாட்டான். ஆனால் கேட்ட பிறகு உதவி செய்யாமல் போகவும் மாட்டான்.

“பாலம் கட்டச் சொல்லு. நான் போய்ச் செங்கல் எடுத்துட்டு வாறேன்” என்றான்.

மைதானத்தில் சின்னப் பெண்கள் தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒருத்தி தாவினாள். வேல்விழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வகுப்புக்குள் ஓடி ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தாள்.

சிமெண்ட் தரையில் நீளமாக இரண்டு வரிசைக் கட்டங்கள் போட்டாள். அதுதான் சாலை. நடுவில் குறுக்கே ஒரு கோடு. அதுதான் தண்டவாளம். கட்டத்துக்கு ஒரு பிள்ளை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வண்டி.

“விதி ஒண்ணுதான்” என்று வேல்விழி சொன்னாள். “நான் கை தட்டுவேன். ஒரு தட்டுக்கு ஒரு கட்டம். முன்னால கட்டம் காலியா இருந்தா போகணும். இல்லாட்டி நின்ன எடத்துல நிக்கணும்.”

“நான் புல்லட்டு. நானும் ஒரு கட்டந்தானா?” என்று சூர்யபிரகாஷ் கேட்டான்.

“நெரிசல்ல புல்லட்டும் சைக்கிளும் ஒண்ணுதாம்லே” என்றாள்.

முதலில் கேட்டில் நடப்பது போலவே, கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு வரிசையையும் நிரப்பி நிற்க வைத்தாள். கை தட்டினாள். இரண்டு பக்கத்திலும் முதலில் நின்றவர்கள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றார்கள். மறுபடி தட்டினாள். யாரும் அசையவில்லை. எத்தனை முறை தட்டினாலும் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. பின்னால் நின்ற ஒருவன் வாயாலேயே ஹாரன் அடித்தான்.

அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் அவரவர்க்கு இடது பக்கம் மட்டும் நின்றார்கள். வலது வரிசை முழுவதும் காலி. தட்டத் தட்ட இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பக்கமும் தறியில் ஓடும் நூல் போலப் போய்விட்டார்கள்.

“இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றான் சூர்யபிரகாஷ். “தெரிஞ்சும் கேட்டுல யாரு அப்படி நிக்காக?”

அது நியாயமான கேள்வி. வேல்விழி யோசித்தாள். நிஜச் சாலையில் ஒருவர் வலது பக்கம் புகுந்தால், ‘அவர் போகிறாரே’ என்று பின்னால் நிற்பவரும் போகிறார். அதையும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. முன்னால் ஒருவர் வலது வரிசைக்கு மாறினால், பின்னால் இருப்பவர்களும் மாறலாம் என்று இன்னொரு விதி வைத்தாள்.

சூர்யபிரகாஷை மட்டும் முதலில் மாறச் சொன்னாள். அவன் மாறினான். இரண்டு தட்டுக்குள் அவன் பின்னால் ஒரு வால் முளைத்துவிட்டது. சாலை அடைத்துக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, சூர்யபிரகாஷை மாறாமல் நிற்கச் சொன்னாள். அவன் மாறவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் மாறவில்லை. எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள்.

வேல்விழி கை தட்டுவதை நிறுத்திவிட்டு நின்றாள். அத்தனை பேரையும் திருத்த வேண்டியதில்லை. முதலில் மாறுகிற அந்த ஒருவர் யார் என்று தெரிந்தால் போதும்.

கணக்கு டீச்சர் ஸ்ரீமதி இதையெல்லாம் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இறங்கி வந்து, கட்டங்களைச் சுற்றி நடந்து பார்த்தார்.

“ரோட்டைத் தூக்கி இங்க கொண்டுவர முடியாது. அதனால அதுல எது முக்கியமோ அதை மட்டும் விதியாக்கிக் கொண்டுவந்துட்டீங்க” என்றார். “இதுக்குக் கணித மாதிரின்னு பேரு. பெரிய ஊர்கள்ல சிக்னல் வைக்கிறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டருக்குள்ள இப்படித்தான் கட்டம் போட்டு வண்டிகளை ஓடவிட்டுப் பார்ப்பாங்க.”

சூர்யபிரகாஷ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அந்தக் கம்ப்யூட்டரில் புல்லட் உண்டா என்று கேட்டான். டீச்சர் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை டீச்சரும் அவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடை ஓரத்தில் போய் நின்றார்கள். வேல்விழியின் கையில் ஒரு அட்டை. ‘இடது பக்கம் நில்லுங்கள். சின்னப் பிள்ளைகளின் சாப்பாடு வருகிறது’ என்று அதில் எழுதியிருந்தாள்.

கேட் மூடியது. முதலில் ஒரு கம்பெனி பஸ் வந்து இடது பக்கம் நின்றது. அதன் பின்னால் ஒரு வேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் அட்டையைப் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே வரிசையில் நின்றார். வரிசை அழகாக நீண்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்தது. வரிசையைப் பார்த்தது. சட்டென்று வலது பக்கம் ஒடித்து, எல்லாரையும் தாண்டி முன்னால் வந்து, கேட்டை முட்டுவது போல நின்றது. அது வந்த வழியிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் பின்னால் ஒரு வேன். சற்று நேரத்தில் சாலை அடைபட்டுவிட்டது.

அந்த ஆட்டோவின் முன் கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது.

வேல்விழி.

ஓட்டி வந்தது அவளுடைய அப்பா முனியராஜ். அச்சகத்திலிருந்து பட்டாசு அடைக்கும் அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். டீக்கடை ஓரத்தில் நின்றவர்களை அவர் பார்க்கவில்லை. அவர் பார்வை முழுவதும் கேட்டின் மேலேயே இருந்தது.

வேல்விழி அட்டையைக் கீழே இறக்கிவிட்டாள். சூர்யபிரகாஷும் அந்தப் பெயரைப் படித்துவிட்டான். கேலி செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவன் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்து, அதில் ஒரு அணில் இருப்பதாகச் சொன்னான். அணில் எதுவும் இல்லை.

அன்றும் உணவு வண்டி மணி அடித்த பிறகுதான் வந்தது.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது சந்தோஷமாக இருந்தார். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் கேட்டில் தன் வண்டிதான் முதலில் நிற்கிறது என்றும், கம்பெனியில் தன் லோடுதான் முதலில் இறங்குகிறது என்றும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டார்.

சொல்ல வேண்டிய வார்த்தைகளையெல்லாம் வேல்விழி கோபத்தோடு மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

“வண்டியில உன் பேரு எழுதிருக்குல்ல தாயி. அது பின்னால நிக்கலாமா?”

அவர் அதைச் சொன்ன விதத்தில் வேல்விழியின் கோபம் கரைந்துவிட்டது. இவ்வளவு பிரியமாக ஒரு தப்பைச் செய்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அம்மா ஏற்றிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பா, நாளைக்குச் சாயங்காலம் எங்க ஸ்கூலுக்கு வாறீகளா? ஒரு விளையாட்டுக்கு ஆளு கொறையுது.”

மறுநாள் பள்ளி விட்ட பிறகு அப்பா வந்தார். வேலைச் சட்டையோடு சின்னப் பிள்ளைகளின் நடுவில் நிற்க அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் ஸ்ரீமதி டீச்சர் விதிகளைச் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார். வேல்விழி அவரை வரிசையின் கடைசியில் நிற்க வைத்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம், எதிரே வரும் வரிசையில் முதல் ஆளாக முத்துமாரி நின்றாள். அம்மாவின் கம்பெனி பஸ் வரும்வரை அவள் பள்ளியில்தான் இருப்பாள். தலையில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

டீச்சர் கை தட்டினார்.

அப்பா சுற்றிப் பார்த்தார். வலது வரிசை காலியாக இருந்தது. “அங்கன சும்மாதானே கெடக்கு” என்று சொல்லிக்கொண்டே அதற்குள் தாவினார். தட்டத் தட்ட முன்னேறி வந்தார். அவரைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். கோட்டைத் தொடும் இடத்துக்கு வந்தபோது முத்துமாரி எதிரே நின்றாள். அப்பாவின் இடுப்பளவுதான் இருந்தாள்.

டீச்சர் மறுபடி கை தட்டினார். இரண்டு பேராலும் நகர முடியவில்லை. அப்பா இடது பக்கம் திரும்பினார். அங்கே ஆள் இருந்தது. பின்னால் திரும்பினார். அங்கேயும் வரிசையாக ஆள் இருந்தது.

முத்துமாரி தட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“மாமா, நான் சாப்பாட்டு வண்டி. வழி விட்டீகன்னா எல்லாரும் மணி அடிக்கிறதுக்குள்ள சாப்பிடுவோம்.”

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது. அந்தத் தட்டைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு வேல்விழியைப் பார்த்தார்.

“பிள்ளைக சாப்பாடு தெனமும் லேட்டாகுதா? அது நம்ம கேட்டுலயா?”

வேல்விழி தலையாட்டினாள்.

“முதல்ல வலது பக்கம் போறது யாருன்னு பார்த்தியா?”

“பார்த்தேன்ப்பா” என்றாள்.

அப்பா குனிந்து முத்துமாரியின் தலையில் இருந்த தட்டைச் சரியாக வைத்தார். “மறுபடி முதல்லருந்து ஆடுவோம்” என்றார்.

இந்த முறை அவர் இடது வரிசையிலேயே நின்றார். ஆனால் சூர்யபிரகாஷ், வேல்விழி சொல்லிக் கொடுத்தபடி, வலது பக்கம் புகுந்தான். சாலை மறுபடியும் அடைத்துக்கொண்டது. நான் போகாவிட்டாலும் இன்னொருவன் போவானே என்று அப்பா தாடையைத் தடவினார். யாராவது ஒருவர் நடந்துபோய் வலது வரிசையின் முன்னால் நின்று தடுத்தால் என்ன என்று கேட்டார். ஆடிப் பார்த்தார்கள். தடுப்பவருக்குப் பின்னால் வலது வரிசை நிரம்பிவிட்டது. கேட் திறந்ததும் எதிரே வருபவர்களுக்கு வழியில்லை.

வேல்விழி கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “முன்னால இல்லப்பா. வரிசையோட வாலுல நிக்கணும். புதுசா வாறவுக அங்கதான் வருவாக. வரிசை நீள நீள, அவரும் பின்னால நடந்துகிட்டே இருக்கணும்.”

அப்பாவே அப்படி நின்றார். வரிசை நீளும்போது ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் நடந்தார். புகுந்துவிட வந்த சூர்யபிரகாஷைக் கைகூப்பி வரிசைக்கு அனுப்பினார். கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு பையன் அதே மாதிரி செய்தான். தட்டுகள் தொடர்ந்தன. முத்துமாரி தட்டோடு கோட்டைத் தாண்டி, எங்கும் நிற்காமல், இந்தப் பக்கத்துக் கடைசிக் கட்டம் வரை வந்து சேர்ந்தாள். எல்லாரும் போன பிறகும் அப்பா மட்டும் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

சாலையின் நடுவில் கம்பங்கள் நடச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதப்போவதாக டீச்சர் சொன்னார். அதற்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரைக்கும் நிற்கத் தான் இருப்பதாக அப்பா சொன்னார்.

அந்தப் பக்கத்துக்கு ஆள் வேண்டும். காகிதக் கட்டு ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையிலிருந்து வரும் தன் நண்பர் வெள்ளைத்துரையிடம் அப்பா அன்று இரவே போனில் பேசினார். வெள்ளைத்துரை மாமா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாராம். “ஏலே முனியா, முன்னால நின்னுதான் உனக்குப் பழக்கம். பின்னால நடந்தா விழுந்திருவ” என்றாராம். பிறகு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாராம்.

மறுநாள் காலை, கேட் மூடத் தொடங்கும் முன்பே அப்பா வண்டியை டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். வேல்விழியும் சூர்யபிரகாஷும் டீச்சரோடு ஓரமாக நின்றார்கள்.

பஸ் வந்தது. வேன் வந்தது. வரிசையின் வால் எங்கே இருந்ததோ, அப்பா அங்கே நின்றார். வால் நீண்டது. அப்பாவும் பின்னால் நடந்தார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைத்துரை மாமாவும் அதே மாதிரி செய்துகொண்டிருந்தார். அவசரமாக வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர் வலது பக்கம் வண்டியைத் திருப்பினார். காலியாகத்தானே கிடக்கிறது, போகக் கூடாதா என்று எரிச்சலாகக் கேட்டார்.

“நானும் இம்புட்டு நாளா அப்படித்தான் நெனச்சேன்ணே” என்றார் அப்பா. “அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக சாப்பாடு நிக்குது. அது வாறதுக்குத்தான் இந்த எடம்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். காலியான சாலையைப் பார்த்தார். காலை ஊன்றி வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, வரிசையில் போய் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே நின்றார்கள்.

ரயில் போனது. கேட் திறந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து முதல் வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது. இந்தப் பக்கத்துப் பஸ்ஸும் அதே நேரம் தாண்டியது. ஒன்றையொன்று உரசாமல், ஹாரன் அடிக்காமல், இரண்டு வரிசைகளும் போய்க்கொண்டே இருந்தன. சூர்யபிரகாஷ் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு முறை கை தட்டினான். பிறகு வண்டிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விட்டுவிட்டான்.

உணவு வண்டி வந்தது. அய்யம்மாள் அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஏதோ தவறான சாலைக்கு வந்துவிட்டவர் போல அவர் முகம் இருந்தது.

பள்ளியில் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பொங்கலிலிருந்து ஆவி பறந்தது. முத்துமாரி ஊதி ஊதிச் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டு, தட்டை வழித்துவிட்டு, தானாகப் போய்க் கை கழுவினாள். இது யார் வேலை என்று அய்யம்மாள் அக்கா கேட்டார்.

“எங்க அப்பா செஞ்சாக” என்றாள் வேல்விழி. அதைச் சொல்லும்போது அவள் குரல் வழக்கத்தைவிடச் சத்தமாகவே இருந்தது.

அதே நேரத்தில் பட்டாசுக் கம்பெனி வாசலில் அவள் அப்பா லோடு இறக்கிக்கொண்டிருந்தார். எல்லா வண்டிகளும் வந்து போன பிறகு வந்திருந்தார். எப்போதும் முதலில் வருகிறவருக்கு இன்று என்ன ஆயிற்று, வண்டி ரிப்பேரா என்று மேற்பார்வையாளர் விசாரித்தார்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். என் மக ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தா” என்றார் அப்பா. “அதுபடி இன்னைக்குக் கேட்டுல நான்தான் கடைசி.”

முதல் பரிசு வாங்கியவர் போல அவர் நின்றுகொண்டிருந்தார்.